உரிமையாளர் கைபேசி எண்

பேரையூர் தாண்டி, சாப்டூர் மலை
கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்
அறுத்த வயலில் கிடை போட்டிருந்தார்கள்.
நூற்றெண்பத்து மூன்று உருப்படி.
மஞ்சள் வில்லை ஒரு டப்பா, காது குத்தும் இடுக்கி,
முப்பத்தொரு சதவீதம் சார்ஜ் உள்ள போன்,
இவற்றோடு நான் வரப்பில் இறங்கினேன்.
ஒரே ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.
பார்த்தபடியே மூத்திரம் பெய்தது.
"இதுக்குத்தாம்மா வயக்காரன் காசு குடுக்குறான்"
என்றார் காசிமாயன்.

காதுக்குப் பன்னிரண்டு இலக்கம்.
இனம்: புலிக்குளம். அதில் சிக்கல் இல்லை.
நிறம்: என் பட்டியலில் நான்குதான்.
அவர் மயிலை என்றார், நான் சாம்பல் என்று தொட்டேன்.
கருமயிலை என்றார், சாம்பல்.
வெண்மயிலை, அதுவும் சாம்பல்.
"மழைக்கு முன்ன ஒரு நெறம், மழை விட்டதும் ஒரு நெறம்,
எல்லாத்தையும் சாம்பலாக்கிட்டீகளே தாயி."

தொடைகளில் சூட்டுத் தழும்பு.
பிறை போட்டது காசிமாயன் வகையறா.
ஏணி போட்டது ஒச்சம்மாள் வீட்டுது,
மூன்று படி என்றால் மூத்தவள் பங்கு,
நாலு படி இளையவள் பங்கு.
இருட்டிலும் தடவிப் படிக்கலாம்.
நான் போனின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டேன்,
இருபத்திரண்டு சதவீதம்.

நூற்றுப் பதினான்காவது பசுவுக்கு
தொடை மழமழவென்று இருந்தது.
மூக்கும் குத்தவில்லை.
"யாருது?"
"மந்தைக் கருப்புது."

உரிமையாளர் பெயர்: மந்தைக் கருப்பு.
ஏற்றுக்கொண்டது.
தந்தை பெயர்: கட்டாயம் நிரப்பவும்.
இடுக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருந்தேன்.
"ஆத்து வெள்ளத்துல பொட்டியில வந்த சாமி.
அப்பன் பேரக் கேட்டா கரையேத்துனோம்?"
ஒச்சம்மாள் சொன்னது சரியாகவே பட்டது.
ஒரு புள்ளி வைத்தேன். புள்ளியை விழுங்கிக்கொண்டு
அடுத்ததைக் கேட்டது.

கைபேசி எண்.

சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது.
பூசாரி எண்ணைப் போடலாம் என்றான் மொக்கராசு.
எந்தப் பூசாரி என்றது கிழக்கே நின்ற ஒரு குரல்.
கோயில் பூட்டுக்கே சாவி இரண்டு,
ஆளுக்கொரு பங்காளி மடியில்.
எண் எந்தப் பக்கம் விழுகிறதோ
பசுவும் அந்தப் பக்கம் சாயும்,
நாளைக்கு அதன் கன்றும்.
கம்பூன்றி நின்றவர்கள் கம்பை மாற்றிப் பிடித்தார்கள்.
ஒன்பது சதவீதம்.

என் எண்ணைப் போட்டேன்.
ஆறு இலக்கம் என் போனுக்கே வந்தது.
என்னிடம் வாங்கி என்னிடமே கொடுத்தேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒச்சம்மாள் மட்டும்
ஒரு செம்பு மோர் தந்தாள், உப்பு அதிகம்.

அதன்பிறகு மேலூருக்கு மாற்றிவிட்டார்கள்.
புரட்டாசியில் ஒரு குறுஞ்செய்தி:
அன்புள்ள மந்தைக் கருப்பு,
தங்கள் பசுவுக்குக் கோமாரித் தடுப்பூசி நாள் நெருங்குகிறது.
பேருந்தில் நின்றுகொண்டு படித்தேன்.
பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்தாள்,
சற்றுத் தள்ளி நின்றாள்.
காசிமாயன் போன் அணைந்திருந்தது.
கிடை எந்த ஊர் வயலில் கிடக்கிறதோ.

சிம்மை மாற்று, சலுகை இருக்கிறது என்கிறான் தம்பி.
மாற்றவில்லை.

மாசியில் ஒரு விடிகாலை
தெரியாத எண்.
மானாமதுரைப் பக்கம் ஏதோ மருந்தகத்திலிருந்து
புதிதாகச் சேர்ந்த பையன், குரலில் இன்னும் தூக்கம்.
"மந்தைக் கருப்புங்களா?"

ஒரு நொடி
அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"சொல்லுங்க" என்றேன்.

"உங்க பசு கன்னு போட்ருக்குங்க. கெடேரி.
ஆளுக யாரும் பக்கத்துல இல்ல, வில்லையப் பாத்துப் பேசுறேன்.
கன்னு நெறம் பழுப்புன்னு போட்டுறவா?"

புலிக்குளத்துக் கன்று
செவலையாய் விழுந்து மெல்ல மெல்ல வெளிறும்.
எதில் போய் நிற்குமென்று
அதன் தாய்க்கும் தெரியாது.

"பொறுங்க தம்பி" என்றேன்,
அடுப்பை அணைத்துவிட்டு,
"நெறத்த மட்டும் இப்ப எழுதிறாதீங்க."